பின்சுவரில் அடித்த தட்டுகள்

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மருமகளும் அப்படியே இருக்க வேண்டும். உறையின் மேல் அக்கா வீட்டு முகவரியைப் பார்த்துப் பதறியிருப்பாய். யாருக்கும் அடிபடவில்லை, அதை முதலில் மனதில் வைத்துக்கொண்டு மேலே படி. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்றுதான் எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன்.

ஓய்வு பெற்ற கையோடு அப்பா கொல்லைக் கொட்டகைக்குள் நுழைந்ததை போனில் சொல்லியிருந்தேன். ஆயுசு முழுக்கக் கிடங்கில் சரக்கு அடுக்கிய கை, சும்மா இருக்குமா. மண்வெட்டியும் உன் துருப்பிடித்த சைக்கிளும் குப்பையாய்க் கிடந்த இடம், ஒரு மாதத்தில் கடை மாதிரி ஆகிவிட்டது. சுத்தியல் மாட்டும் இடத்தில் சுத்தியல் படம் வரைந்து வைத்தார். ஆணி, திருகாணி எல்லாம் கண்ணாடி பாட்டிலில், மூடியைப் பலகைத் தட்டின் அடியில் அறைந்து பாட்டிலைத் திருகித் தொங்கவிட்டார். ஏணி சுவரோடு படுத்துக்கொண்டது. பொய் சொல்வானேன், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பரணில் இருந்த பாதிச் சாமான் போய்ச் சமையலறையில் மூச்சுவிட இடம் கிடைத்தது. அதோடு நின்றிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. இடம் போதவில்லை என்று கொட்டகையைப் பின்மதில் வரைக்கும் இழுத்தார். மதிலே ஒரு பக்கச் சுவராகிவிடும், செங்கல் மிச்சம் என்று கணக்கு. அந்த மதிலில் துளை போட்டு இரும்புச் சட்டம் இறக்கி, கூரை வரை தட்டு அடித்தார். மிஞ்சிய தரைக்கல், பெயின்ட் டப்பா, உன் புத்தக மூட்டை எல்லாம் அதில் ஏறிற்று.

பின்மனை நம் கொல்லையைவிட இடுப்பளவு மேடு என்று உனக்குத் தெரியும். அங்கே வீடு கட்ட ஆரம்பித்து, மணலையும் ஜல்லியையும் மதிலை ஒட்டியே கொட்டினார்கள். முதலில் தட்டுக்குப் போட்டிருந்த கதவு மூடவில்லை. தச்சரைத் திட்டிக்கொண்டே அப்பா இழைத்துச் சரிசெய்தார். அடுத்த வாரம் மறுபடியும் மூடவில்லை, மறுபடியும் இழைத்தார். பிறகு டப்பாக்கள் எல்லாம் ஒரே பக்கமாய் நகர்ந்து ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. சுவரில் விரிசல் கண்டதும் சிமென்ட் வைத்து அடைத்து, அதே நிறத்தில் பெயின்டும் அடித்துவிட்டார். விரிசலைவிட அது கண்ணுக்குத் தெரியாமல் போனதுதான் எனக்குப் பயம் தந்தது. கொத்தனாரைக் கூப்பிட்டேன். ரசமட்டம் வைத்துச் சுவரின் சாய்வைப் பார்த்தவர் முதலில் என்னை வெளியே அழைத்து வந்தார். "இது வெறும் மதிலுதாம்மா, மண்ணைத் தாங்கக் கட்டினது இல்ல. அந்தப் பக்கம் மண்ணு தள்ளுது, இந்தப் பக்கம் நீங்க பாரத்தத் தொங்க விட்டிருக்கீங்க. மழைக்கு முன்னாடி எல்லாத்தையும் இறக்கிடுங்க" என்றார். அப்பாவோ, "பாரத்தப் பத்தி எனக்கே பாடமா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மழை பிடித்துக்கொண்டது. நான் கொட்டகையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். கேட்டுப் பார்த்தார், தரவில்லை. முன்அறையில் பேப்பரை விரித்துக்கொண்டு எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். மறுநாள் மத்தியானம், வழக்கமாக அவர் கொட்டகைக்குள் இருக்கும் நேரம், மூட்டையை யாரோ கவிழ்த்தது போல ஒரு சத்தம், அதன் பின்னால் கண்ணாடி உடைகிற சத்தம், நிற்கவே இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் கொட்டகை இல்லை. மதில் சரிந்து, கூரைத் தகரம் மடங்கிக் கிடக்கிறது, சேறு சமையலறைப் படி வரை வந்துவிட்டது. அவர் உட்காரும் முக்காலியின் ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது. அப்பா மழையில் நனைந்தபடி நின்று, "மேல் தட்டக் கொஞ்சம் லேசா விட்டிருக்கலாம்" என்றார். எனக்கு அழுவதா அடிப்பதா தெரியவில்லை.

அன்றே சமையலறைச் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து கூரை வரை கீறல் விட்டிருப்பதைக் கொத்தனார் காட்டி, இங்கே படுக்காதீர்கள் என்றார். அக்கா வந்து அழைத்துப் போனாள். மாப்பிள்ளை தங்கமானவர், ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் உன் அப்பா சாயங்காலமானால் காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிடுகிறார். நேற்றுத் திரும்பி வந்தவரின் தோளெல்லாம் சுண்ணாம்புத் தூள். எங்கே போனீர்கள் என்று கேட்டேன். சேற்றிலிருந்து எடுத்த சாமானுக்கு இடம் வேண்டாமா, நம் வீட்டுச் சமையலறைச் சுவரில் சட்டத்துக்குத் துளை போட்டாயிற்று, வெள்ளிக்கிழமை தட்டு ஏற்றிவிட்டால் வீட்டுக்கே போய்விடலாம் என்கிறார். எந்தச் சுவர் என்று கேட்டேன். ஜன்னல் பக்கம்தான், அங்கேதான் காலியாக இருக்கிறது என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

என் பேச்சும் அக்கா பேச்சும் எடுபடவில்லை. வீட்டுச் சாவி அவர் சட்டைப் பையில் இருக்கிறது, தூங்கும்போதும் கழற்றுவதில்லை. நீ சொன்னால் கேட்பார், கடைக்குட்டி என்று உன்னிடம் எப்போதும் ஒரு பலவீனம் அவருக்கு. வேளைக்குச் சாப்பிடு, மருமகளை விட்டுக்கொடுக்காதே, இரண்டு பேரும் நீண்ட ஆயுளோடு நிறைவாக இருங்கள். இது கையில் கிடைத்ததும் மற்ற வேலையைப் போட்டுவிட்டு அப்பாவை போனில் கூப்பிடு. வெள்ளிக்கு முன்னால் கூப்பிடு.

உன் நலமே நினைக்கும்
அம்மா