வெயில் விழும் இடம்

அன்புள்ள அம்மாவுக்கு,

மூட்டுவலி தேவலையா? என் பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன்.

போன வாரம் செடி வைக்க மண் நிரப்பிய வாளியை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போகையில் படியில் கால் பிசகிவிட்டது. சுளுக்குதான், பயப்படாதே. சலவைக்கூடத்தில் மூன்று நாள் லீவு கொடுத்தார்கள். இரண்டு வருஷத்தில் இந்த அறையைப் பகலில் பார்த்தது இப்போதுதான். வெயில் எங்கே விழுகிறதென்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஜன்னலோரம் முழுக்க எதிர்க்கட்டிடத்து நிழல். நொண்டிக்கொண்டே மாடிக்கும் போனேன், காற்று பேயாக அடிக்கிறது. பின்வாசல் குழாயடியில்தான் மத்தியானம் வரை வெயில் நிற்கிறது. தண்ணீரும் பக்கத்திலேயே.

என்னோடு தங்கியிருக்கும் தையல்கார அக்கா, "காண்ட்ராக்ட் முடிய ஒரு வருஷம்தானே இருக்கு, செடி எதுக்குடி?" என்றாள்.

"வேலை விட்டு வந்தா ஏதாவது ஒண்ணு கொஞ்சம் வளர்ந்திருக்கணும்க்கா" என்றேன்.

வாளியை அவளே தூக்கிவந்து குழாயடியில் வைத்தாள்.

நம் வீட்டுக் கத்தரி விதை கொஞ்சம் அனுப்பு. பாப்பாவின் பாதத்தையும் ஒரு தாளில் வைத்து வரைந்து அனுப்பு. அவளுக்குச் செருப்பு வாங்கப் போனேன். கடைக்காரர் அளவு கேட்டார், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உன் மகள்