தொலைந்துவிட்டதாக நான் சொன்ன அட்டை

அக்கா,

சின்னவளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். போன வாரம் அவளுடைய பிறப்புச் சான்றிதழைத் தேடியபோது, பீரோவின் அடித்தட்டில் பழைய புடவைக்குக் கீழே உங்கள் கையெழுத்து கிடைத்தது. தாயி கார்டு. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற அந்த அட்டையில், நீங்கள் என் வீட்டுக்கு வந்த ஒவ்வொரு முறையும் தேதி போட்டு எழுதியிருக்கிறீர்கள். மூன்று இடங்களில் ‘ஆஸ்பத்திரிப் பிரசவம் வேண்டும் என்று சொல்லப்பட்டது’ என்று இருக்கிறது. மூன்றுக்கும் கீழே என் கையெழுத்து. தொலைந்துவிட்டது என்று நான் எல்லோரிடமும் சொன்ன அட்டை அது.

நீங்கள் எங்கள் லைன் வீடுகளுக்கு ஆஷா என்கிற கிராம சுகாதாரப் பணியாளராக வந்துபோய்க்கொண்டிருந்தீர்கள். நான் ஆண்டர்சன்பேட்டையிலிருந்து தினமும் ரயிலேறி பெங்களூர் ஆபீசுக்குப் போய்வருகிறவள். என் மூத்த மகன் பெங்களூரில் ஒரு நர்சிங்ஹோமில் பிறந்தான். அங்கே வலியில் கத்தியதற்காக ஒருத்தி என் தொடையில் அறைந்தாள். ஏன் என்றுகூடச் சொல்லாமல் வயிற்றைக் கிழித்தார்கள். அதன் பிறகு பினாயில் வாடை அடித்தாலே அந்த இடத்தை விட்டு வெளியே வந்துவிடுவேன். இரண்டாவது உண்டானபோது ரயிலில் உட்கார்ந்து போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். வீட்டிலேயே சிரித்துக்கொண்டு பிள்ளை பெற்ற பெண்கள். அவர்களுக்கென்று ஒரு குழு இருந்தது, அதில் சேர்ந்தேன். அங்கே யாரும் என்னைத் திட்டவில்லை.

உங்களிடம் சொன்னபோது நீங்களும் திட்டவில்லை. நர்சிங்ஹோம் கதையை முழுவதும் கேட்டீர்கள். பிறகு சொன்னீர்கள்: “உன்ன அடிச்சது தப்புதாம்மா. அதுக்கோசரம் நீ வீட்ல பெத்துக்க முடியுமா? மொத கொழந்த ஆபரேசன். பழைய தையல் வுட்டுச்சின்னா இங்க யாரு இன்னா பண்ண முடியும்?”

அதோடு விடவில்லை. அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் எனக்காகப் போய்ப் பேசிவிட்டு வந்தீர்கள். “ஆபரேசன் இல்லாம முடியுதான்னு மொதல்ல பாக்கறேன்னாங்க. லேபர் ரூமுக்குள்ள நானும் வர்றேன். உன் கையப் புடிச்சிகினு நிக்கிறேன். யாரு உன்மேல கை வெக்கிறாங்கன்னு பாத்துடலாம்.”

நான் சரி என்று தலையாட்டினேன். கையெழுத்தும் போட்டேன். நீங்கள் தெரு திரும்பியதும், வீட்டில்தான் பெறப்போகிறேன் என்று குழுவில் எழுதிப் போட்டேன்.

வலி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். மூத்தவனை நாத்தனார் வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். நான் போனை எடுக்கவில்லை என்று பத்து மணிக்கு நீங்களே வந்து கதவைத் தட்டினீர்கள். நான் சொல்லிக்கொடுத்தபடி இவர் வாசலில் நின்று, “அம்மா வூட்டுக்குப் போயிருக்கா, பூதிகோட்டைக்கு” என்றார்.

“இந்த நெலமைல பஸ் ஏத்தி அனுப்பிட்டியாப்பா?” என்றீர்கள்.

உள்ளே நான் துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு மூச்சை அடக்கியிருந்தேன். உங்கள் செருப்புச் சத்தம் தூரப் போனதும் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன் அக்கா.

மத்தியானம் வலி மாறியது. பழைய தழும்புக்குள் எதுவோ கிழிந்ததுபோல் இருந்தது. பாயெல்லாம் ரத்தம். இவர் உங்களைக் கூட்டிவரச் சட்டைகூடப் போடாமல் ஓடினார். தெருமுனையைத் தாண்டவில்லை, எதிரே ஆம்புலன்ஸில் நீங்கள் வந்துகொண்டிருந்தீர்கள். சந்தேகப்பட்டு, பஸ் போய்ச் சேர்ந்திருக்கும் நேரம் பார்த்து பூதிகோட்டைக்குப் போன் போட்டு என் அம்மாவிடம் பேசியிருக்கிறீர்கள். நான் அங்கே இல்லை என்று தெரிந்ததுமே வண்டியைக் கூப்பிட்டுவிட்டீர்கள்.

ஏன் பொய் சொன்னாய் என்று நீங்கள் கேட்கவில்லை. “என்னைப் பாரு. கண்ண மூடாத. மூச்சு வுடு.” வழியெல்லாம் இதையேதான் சொன்னீர்கள். தியேட்டர் கதவு வரைக்கும் என் கை உங்கள் கையில் இருந்தது. கருப்பை கிழிந்திருந்தது, தைத்தார்கள். கால் மணி நேரம் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் இல்லை என்று டாக்டரம்மா இவரிடம் சொன்னாராம்.

மூன்றாம் நாள் காலை மேலிடத்திலிருந்து ஓர் அம்மா வார்டுக்கு வந்தார். ஆபரேஷன் ஆனவளை வீட்டில் வைத்துப் பிரசவம் பார்க்கத் துணிந்தது யார் என்று கன்னடத்தில் கேட்டார். புருஷன் மேல் போலீஸில் புகார் கொடுக்கப்போவதாகச் சொன்னார். இவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

“தாயி கார்டு எங்கே?”

“தொலைஞ்சிபோச்சு மேடம்.” இவர் வீட்டிலிருந்து எடுத்து வந்து, என் தலையணைக்குக் கீழே இருந்தது அது.

“ஆஷா வந்தாளா? என்ன சொன்னாள்?”

“அவங்கதான் மேடம் வீட்லயே பாத்துக்கலாம்னு சொன்னாங்க.”

சொல்லி முடித்துவிட்டு நிமிர்ந்தேன். நீங்கள் கதவருகே நின்றிருந்தீர்கள். குழந்தையின் துணிகளைத் துவைத்து மடித்து எடுத்து வந்திருந்தீர்கள். அந்த அம்மா உங்களைப் பார்த்து, “நிஜமா?” என்றார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் குழந்தையின் போர்வையைச் சரிசெய்தேன். துணிகளைக் கட்டிலின் ஓரத்தில் வைத்துவிட்டு, “கார்டுல எழுதியிருக்கேன் மேடம்” என்று மட்டும் சொன்னீர்கள். கார்டுதான் இல்லையே.

உங்களை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். தெருவில் சிலர், நீங்கள்தான் என்னைக் கொல்லப் பார்த்ததாகப் பேசினார்கள். கேட்டுக்கொண்டு இருந்தேன். நீங்கள் பங்காருபேட்டைப் பக்கம் துணி தைக்கும் ஃபேக்டரிக்குப் போக ஆரம்பித்தீர்கள். அப்படியும் ஒரு நாள் என் வாசலில் நின்று, உள்ளே வராமல், “நாளைக்குக் கொழந்தைக்கு ஊசி. மறந்துடாத” என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அப்போது சொல்லியிருக்கலாம். “சரிக்கா” என்று கதவைச் சாத்தினேன்.

போன வருஷம் நெஞ்சுவலியில் போய்விட்டீர்கள். உங்கள் வீட்டு வாசலில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றேன். தூக்குவதற்கு முன்பே கிளம்பி வந்துவிட்டேன்.

கார்டு கிடைத்த மறுநாள் அதை எடுத்துக்கொண்டு உங்கள் மகளிடம் போனேன். “இப்ப எதுக்கு?” என்று இவர் தடுத்தார், கேட்கவில்லை. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கார்டை வாங்கி உங்கள் கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

“தெரியும் ஆன்ட்டி” என்றாள். “அன்னிக்கே வூட்ல சொன்னாங்க. அப்பா உங்க வூட்டுக்குச் சண்டைக்குக் கெளம்பிட்டாரு. அம்மாதான் வுடல. ‘பாவம், வலில இன்னா பேசறோம்னே தெரியாம பேசிட்டா, வுடுங்க’ன்னாங்க.”

நான் அதற்கும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அவளிடம் சொல்ல வாய் வரவில்லை, உங்களிடம் சொல்கிறேன். அந்த மேடம் வார்டுக்கு வந்த அன்று காலை எனக்கு வலிக்கு ஊசி போட்டிருந்தார்கள் அக்கா. வலியே இல்லை.