கையைப் பார்த்துச் சொன்ன தாளங்கள்

கோலியர்ஸ் வுட், இலண்டன்
மார்ச் 16, ஞாயிறு

என் அன்பு மகள் தக்ஷிகாவுக்கு,

நீயும் றஜீவனும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்ற நினைப்போடு எழுதத் தொடங்குகிறேன். கடிதம் ஏன் என்று நீ கேட்பாய். போனில் உன் குரல் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. வாட்ஸ்அப்பில் நான் ஒரு வரி அடித்து முடிப்பதற்குள் நீ மூன்று கேள்வி கேட்டுவிடுவாய். அதனால் கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். முழுவதையும் வாசித்து முடி. பாதியில் நிறுத்தி அப்பாவுக்குப் போன் எடுக்காதே. அவருக்கு இதில் பாதி தெரியாது.

இங்கே குளிர் இன்னும் விடவில்லை. அப்பாவுக்குப் பிரஷர் பரவாயில்லை. காலை ஷிப்டை விட்டுவிடச் சொல்கிறேன், அவர் கேட்பதாயில்லை. போன சனிக்கிழமை நோர்பரிக்குப் போய் உனக்குப் பத்தியச் சரக்கு எல்லாம் வாங்கி வைத்திருக்கிறேன். மிளகும் மல்லியும் வறுத்து அரைத்தாயிற்று. உங்கள் நாட்டு விமான நிலையத்தில் எதை விடுவார்கள், எதைப் பறிப்பார்கள் என்று றஜீவனிடம் கேட்டு எழுது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரியில் நான் உனக்கு ஒரு செய்தி அனுப்பினேன், நினைவிருக்கும். கொங்கா மேள வகுப்பில் ஆசிரியை வாசித்த எல்லாத் தாளத்துக்கும் சரியாகப் பெயர் சொன்னேன், காது நன்றாக வேலை செய்கிறது, பிள்ளைப்பேற்றுக்கு நான் வர, பயப்படாமல் டிக்கெட் போடு என்று எழுதினேன். பிள்ளை, அது உண்மையில்லை. நான் பொய் சொல்ல நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் உண்மையில்லை.

முதலில் இருந்து சொல்கிறேன். வலது காது உனக்குத் தெரியும், எண்பத்தேழில் ஷெல் விழுந்தபோதே போனது. இடது காதும் இரண்டு வருடத்துக்கு முதல் வந்த அந்தக் காய்ச்சலோடு போய், அதற்குள் ஒப்பரேஷனில் கருவி வைத்து நவம்பரில் முதன்முதல் ஓட விட்டபோது நான் உனக்கு எழுதியது "நல்லாக் கேக்குது" என்று மட்டும்தான். நல்லாகக் கேட்கவில்லை. அப்பா பேசியது தகர டப்பாவுக்குள் வாத்து கத்தியது போல இருந்தது. கோயில் பாட்டு வெறும் இரைச்சல். ஆண் குரலா பெண் குரலா என்றே தெரியவில்லை. பஸ்ஸில் வரும்போது காதுக்கு வெளியே மாட்டுகிற பாகத்தைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு அழுதேன்.

காதுப் பரிசோதனை செய்கிற பெண் சொன்னார், இந்தக் கருவிக்குச் சுரம் பிடிக்கக் கஷ்டம், தாளம் நன்றாகப் பிடிக்கும் என்று. ஸ்ட்ரெதமில் ஒரு தேவாலய மண்டபத்தில் என்னைப் போலக் கருவி வைத்தவர்களுக்கு ஒரு கியூபாப் பெண் மேளம் பழக்குகிறார், போய்ப் பாருங்கள் என்றார். செவ்வாய்க்கிழமைகளில் பின்னேரம் 57 பஸ் பிடித்துப் போகத் தொடங்கினேன். ஆசிரியையின் பெயர் யமிலா. நாற்பது வயதிருக்கும். அவர் பேசுவதில் பாதி உதட்டில் புரியும், மீதியைப் பலகையில் எழுதிக் காட்டுவார். வகுப்பில் நாங்கள் ஏழு பேர், நான் ஒருத்திதான் தமிழ்.

முதல் நாள் அவர் கொங்கா என்கிற அந்த உயரமான மேளத்தில் கையை வைத்ததும், தக்ஷிகா, அது மேளமாகவே கேட்டது. தகரமில்லை, வாத்தில்லை. இரண்டு வருடத்தில் முதன்முதல் ஒரு சத்தம் தன் சொந்தச் சத்தத்தோடு என்னிடம் வந்தது. நான் வீட்டுக்கு வந்து சமைக்காமல் மேசையில் தட்டிக்கொண்டிருந்தேன். அப்பா பாணும் பருப்பும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்.

யமிலா நான்கு தாளம் பழக்கினார். தும்பாவோ என்பது சாதாரணமாக ஆடுகிற பாட்டுக்கு. போலேரோ ஆறுதலாக, காதல் பாட்டுக்கு. பெம்பே ஆறு ஆறாக எண்ண வேண்டியது, உடம்பு தானாக ஆடும். குவாகுவாங்கோ ஆணும் பெண்ணும் சீண்டி விளையாடி ஆடுவதற்கு. இவற்றோடு இரண்டு கட்டைக் குச்சிகளை ஒன்றோடொன்று தட்டி ஒரு கணக்கு ஓடும். கிளாவே என்பார்கள். ஐந்து தட்டு, முதலில் மூன்று, பிறகு இரண்டு. தும்பாவோவுக்கும் அந்த ஐந்துதான், அவர் பழக்கிய குவாகுவாங்கோவுக்கும் அதே ஐந்துதான். ஆனால் குவாகுவாங்கோவில் மூன்றாவது தட்டு ஒரு சொட்டுப் பிந்தி விழும். அவ்வளவுதான் வித்தியாசம். அந்தச் சொட்டைப் பிடிப்பதுதான் பாடு.

ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் யமிலா எட்டுத் தடவை வாசிப்பார். நாங்கள் பெயரை எழுதிக் காட்ட வேண்டும். டிசம்பரில் எனக்கு ஐந்து, ஆறு சரி வந்தது. அந்த நாட்களில்தான் நீ அப்பாவிடம் சொன்னது என் காதுக்கு வந்தது. "அம்மா தனிய நிக்கேக்க பிள்ளை அழுதா அவவுக்குக் கேக்குமோ அப்பா?" என்று கேட்டாயாம். அப்பா மறைக்கத்தான் பார்த்தார், அவர் முகத்தில் எதுவும் தங்காது. நான் உன்னைக் குறை சொல்லவில்லை. நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். ஆனால் அன்றிலிருந்து அந்த எட்டுத் தாளமும் எனக்கு மேளமாக இருக்கவில்லை, பரீட்சையாகிவிட்டது. மூன்று கிழமை தொடர்ந்து எட்டுக்கு எட்டு எடுத்தேன். மற்றவர்கள் கை தட்டினார்கள். உனக்கு எழுதிவிட்டேன்.

அதற்கடுத்த செவ்வாய் யமிலா ஒரு துணித் திரையைக் கொண்டு வந்து இரண்டு கதிரைக்கு நடுவே கட்டினார். பலகையில் எழுதினார்: "சுவர்ணா, இன்று நீங்கள் முதலில்." திரைக்குப் பின்னால் போய் வாசித்தார்.

எனக்கு எட்டில் இரண்டு சரி.

தும்பாவோவைக் குவாகுவாங்கோ என்றேன், பெம்பேயைப் போலேரோ என்றேன். யமிலா வெளியே வந்து என் பக்கத்தில் இருந்து, ஆறுதலாக உதட்டை அசைத்துச் சொன்னார். நீங்கள் பொய் சொல்லவில்லை, உங்கள் கண் உங்களுக்குத் தெரியாமலே உதவி செய்கிறது என்றார். யோசித்துப் பார்த்தேன். தும்பாவோவில் அவருடைய இடது கை உள்ளங்கை அடியிலும் விரலிலும் மாறி மாறிச் சாயும். குவாகுவாங்கோவில் இரண்டாவது மேளத்துக்குக் கை தாண்டும். பெம்பேயில் தோள் ஆடும். நான் அவருடைய கையை வாசித்துக்கொண்டிருந்தேன், பிள்ளை. ஆட்களின் உதட்டை வாசிப்பது போல. எத்தனை வருடமாக இப்படிப் பார்த்துப் பார்த்துக் "கேட்டது" என்று சொல்லி வாழ்ந்திருக்கிறேனோ தெரியாது.

அன்றே உனக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. திரும்ப எட்டு எடுத்துவிட்டால் சொல்லாமலே விடலாம் என்று நினைத்தேன். அந்த நினைப்புத்தான் இனிச் சொல்லப்போவதற்குக் காரணம்.

எங்களுக்கு மேல் மாடியில் துஷ்யா என்று ஒரு பிள்ளை இருக்கிறா, உனக்குத் தெரியாது, நீ போன பிறகு வந்தவ. ஏழு மாதத்தில் ஒரு பெண் குழந்தை, நிலானி. பெப்ரவரி நடுவில் ஒரு மத்தியானம் துஷ்யா மருந்து வாங்கப் பாமசிக்குப் போக வேண்டும் என்றா, மழை. நான் கேட்காமலே, "நீர் போட்டு வாரும், நான் பாக்கிறன்" என்றேன். உதவிக்காகச் சொல்லவில்லை. எனக்கு ஏலும் என்று எனக்கே காட்டுவதற்காகச் சொன்னேன். அந்தப் பிள்ளை என்னை நம்பிப் போனா.

அவர்கள் வீட்டில் நிலானி அறையில் நித்திரை. நான் குசினியில் போத்தல்களைக் கழுவிக்கொண்டு நின்றேன். வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சத்தம் ஏறி ஏறி இறங்கியது. எனக்குக் கேட்டது, தக்ஷிகா. கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். நன்றாகக் கேட்டது. அதை மெஷின் சுற்றுகிற சத்தம் என்று நினைத்தேன். கால் மணித்தியாலம் இருக்கும். துஷ்யா கதவைத் திறந்து, செருப்போடு ஓடி அறைக்குள் போனபோதுதான் திரும்பிப் பார்த்தேன். குழந்தை முகம் சிவந்து, வியர்த்து, விக்கிக்கொண்டு கிடந்தது.

ஒன்றும் ஆகவில்லை. பால் குடித்துவிட்டுச் சிரித்தது. துஷ்யா என்னை ஏசவில்லை. "பரவாயில்லை அன்ரி, அவ எப்பவும் கத்திறவதான்" என்றா. நான் என் காது விஷயத்தை அவவிடம் முழுதாகச் சொல்லியிருக்கவில்லை. காதுக்குப் பின்னால் மாட்டியிருப்பதைக் கண்டு சாதாரணக் கேட்கும் கருவி என்று நினைத்திருக்கிறா. அன்று பின்னேரம் திரும்ப மேலே போய் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவ, "முதலே சொல்லியிருக்கலாம் அன்ரி" என்றா. அது போதும், அதற்கு மேல் ஒரு சொல்லும் தேவையில்லை.

இரண்டு கிழமை வகுப்புக்குப் போகவில்லை. அப்பாவிடம் தடிமன் காய்ச்சல் என்றேன். மூன்றாவது கிழமை யமிலா எழுத்தில் செய்தி அனுப்பினார். போய் நடந்ததைச் சொன்னேன். அவர் ஆறுதல் வார்த்தை ஒன்றும் எழுதவில்லை. "மெஷின் எப்படிக் கேட்டது, குழந்தை எப்படிக் கேட்டது, மேசையில் தட்டிக் காட்டுங்கள்" என்று எழுதினார். எனக்கு மெஷினைத் தட்டத் தெரிந்தது. குழந்தையைத் தட்டத் தெரியவில்லை. அப்போது அவர் சொன்னார், குரலைத் தேடாதீர்கள், உங்கள் கருவி அதைத் தராது, சத்தம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள் என்று.

அதன் பிறகு வீட்டில் வேறு மாதிரிப் பழகினேன். அப்பாவைக் குசினிக்குள் விட்டுக் கதவைச் சாத்தி, போனில் இருக்கும் தாளங்களை ஒழுங்கில்லாமல் போடச் சொல்வேன். நான் ஹோலில் இருந்து பெயர் சொல்வேன். முதல் நாட்கள் கண்றாவி. ஒரு நாள் அவர் போனை வைத்துவிட்டு இரண்டு அகப்பைக் காம்பை எடுத்துத் தானே கிளாவே தட்டினார். குவாகுவாங்கோவாம். நான் இந்தப் பக்கம் இருந்து, "இல்லையப்பா, மூண்டாவது பிந்தி விழேல்லை, நீங்கள் தட்டுறது தும்பாவோவின்ரை கிளாவே" என்று கத்தினேன். கதவு திறந்தது. அப்பா அகப்பையும் கையுமாக நின்றார். "உமக்குக் கதவுக்குள்ளாலை பாக்கத் தெரியுமோ?" என்று கேட்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. நான் காணாதது போல அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

போன செவ்வாய் திரைக்குப் பின்னால் வாசித்ததில் எட்டுக்கு ஆறு. போலேரோவை இரண்டு தடவை தும்பாவோ என்றேன், அவர் வேண்டுமென்றே வேகமாக வாசித்தபோது. இந்த ஆறு என்னுடைய ஆறு. கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

புதன்கிழமை துஷ்யாவிடம் போய்க் கேட்டேன், நீர் குழந்தையோடு அறைக்குள் இரும், கதவைச் சாத்தும், நான் குசினியில் நிற்கிறேன், அவ அழும்போது எனக்குத் தெரிகிறதா என்று பார்ப்போம் என்று. கேட்கவே கூச்சமாக இருந்தது. அந்தப் பிள்ளை ஓம் என்றா. ஒரு மத்தியானம் முழுக்க இருந்தோம். மெஷினையும் ஓட விட்டோம். மெஷின் மூச்சு விடாது, பிள்ளை. குழந்தை இழுத்து அழுது, மூச்சு எடுக்க நிற்கும், அந்த நிறுத்தம் ஒருபோதும் ஒரே அளவாக வராது. நான்கு தடவை அழுதா. மூன்று தடவை நான் கதவடிக்குப் போய்விட்டேன். நான்காவது தடவை தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டிருந்தது, எனக்குத் தெரியவில்லை.

நான்கில் மூன்று. இதுதான் உன் அம்மாவின் காது. கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை. நித்திரையில் கருவியைக் கழற்ற வேண்டும், அப்போது எனக்கு ஒன்றுமே கேட்காது. குழந்தை அழுதால் தலையணைக்குக் கீழே அதிர்கிற ஒரு சாமான் இருக்கிறது, காதுப் பரிசோதனைப் பெண் காட்டினார். அதுவும் நூற்றுக்கு நூறு இல்லை என்றுதான் சொன்னார்.

றஜீவனின் அம்மா வருவதற்கு ஆயத்தமாக இருப்பதாக அப்பா சொன்னார். கனகாம்பிகை அக்கா கெட்டிக்காரி, நாலு பேரை வளர்த்தவ, காதும் நல்ல காது. அவ வந்தால் எனக்குக் கோபமில்லை. பத்தியச் சரக்கை அவவுக்கு அனுப்பி வைக்கிறேன், எப்படிக் காய்ச்சுவது என்றும் எழுதித் தருகிறேன், நீ உறைப்புக் குறைவாகத்தான் சாப்பிடுவாய்.

நான் வருவதென்றால், குழந்தையோடு என்னைத் தனியே விடாதே. அதை நானே கேட்கிறேன். நீ பக்கத்து அறையில் படுத்திரு, நான் குளிப்பாட்டுகிறேன், உடுப்புத் தோய்க்கிறேன், உனக்குச் சமைத்துத் தருகிறேன். குழந்தையை மடியில் வைத்திருந்தால் எனக்குக் காது தேவையில்லை. அது அழுவதற்கு முதலே என் கைக்குத் தெரியும்.

யோசித்து முடிவெடு. அம்மா மனம் நோகும் என்று வரச் சொல்லாதே. ஜனவரியில் நான் செய்ததை நினைத்து வர வேண்டாம் என்றும் சொல்லாதே. குழந்தைக்கு எது நல்லதோ அதைச் சொல். ஒன்றே ஒன்று கேட்கிறேன், பிள்ளை. என்ன முடிவென்றாலும் அப்பாவிடம் சொல்லி அனுப்பாதே. நேரே எனக்கு எழுது. ஒரு வரி போதும். நான் வாசிப்பேன்.

எந்தக் குறையும் இல்லாமல் பெற்றெடுத்து, நீயும் குழந்தையும் நலமாக எழும்ப வேண்டும். அந்தப் பிரார்த்தனையோடு,

உன் அம்மா
சுவர்ணா