துள்ளுகிற வண்டியும் என் கொழுந்தனும்

ஜூன் 9, சனி
இன்றைய கார் பந்தயத்திலும் என் வண்டி துள்ளியது. பச்சை விளக்கு விழுந்து கிளட்சை விட்டேனோ இல்லையோ, பின்சக்கரம் இரண்டும் தரையைப் பிடிக்காமல் தடதடவென்று குதித்தன. என் பல்லெல்லாம் ஆடிப்போயிற்று. ஒலிபெருக்கிக்காரன் வழக்கம்போல, "முயலக்கா கெளம்பிட்டாங்க" என்றான். கூட்டம் சிரித்தது, நானும் கையாட்டி வைத்தேன். ஓடி முடித்து வந்தால் வண்டி நிறுத்துமிடத்தில் எனக்காக ஒரு கட்டு கேரட். வேறு யார், என் கொழுந்தன் டெல்பர்ட்தான். இரவு சூப்பில் போட்டுவிட்டேன்.

ஜூன் 10, ஞாயிறு
சர்ச் முடிந்து டெல்பர்ட் சாப்பிட வந்தான். நான் வறுத்த பன்றியிறைச்சியை மூன்று முறை போட்டுக்கொண்டு, என் வண்டியையும் கேட்டான். என் வீட்டுக்காரர் ஓரின் உடனே தலையாட்டுகிறார்! போன வருடம் அச்சு உடைந்தது, இந்த வருடம் கியர்பாக்ஸ் போகும், கொடுத்துத் தொலை என்கிறார். என் வண்டியை என் மேசையில் உட்கார்ந்து அண்ணனும் தம்பியும் பேசி முடிக்கிறார்கள், நான் உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருக்கிறேன்.

கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னேன்: செப்டம்பர் கடைசி ஓட்டத்தில் டெல்பர்ட்டும் நானும். நான் ஜெயித்தால் விற்கிற பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. தோற்றால் அவன் எடுத்துக்கொள்ளட்டும்.

"சரி அண்ணி. ஆனா துள்ற வண்டிக்கு ஏத்த வெலதான் குடுப்பேன். இன்னைக்கு எப்படி இருக்கோ, அப்படியே வாங்கிக்கறேன்."

கை குலுக்கினோம். எங்கள் இந்தியானா மாநிலத்தில் குலுக்கினால் குலுக்கினதுதான்.

ஜூன் 21, வியாழன்
டயரில் காற்றைக் குறைத்துப் பார்த்தேன். துள்ளியது.

ஜூன் 30, சனி
ஷாக் அப்சார்பர் புதுசு. சொகுசாகத் துள்ளியது.

ஜூலை 5, வியாழன்
பள்ளிச் சமையலறையில் என்னோடு வேலை பார்க்கும் வெர்னாவை வரவழைத்துப் புல்லில் படுக்க வைத்து, பின்சக்கரத்தைப் போனில் படம் எடுக்கச் சொன்னேன். அந்தப் படத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் எல்லாம் தெரிகிறது. டயர் தரையைக் கவ்வுகிறது, அச்சு முறுக்கிக்கொள்கிறது, பட்டென்று விடுபட்டுத் திரும்புகிறது, மறுபடி முறுக்குகிறது. "இடுப்புல பிடிமானமே இல்லடி இதுக்கு" என்றாள் வெர்னா.

சரியாகத்தான் சொன்னாள். அடியில் படுத்து, அச்சையும் உடம்பையும் இணைக்கிற ஆர்மைக் கடப்பாரையால் நெம்பினேன். ஒரு விரல் அகலம் ஆடுகிறது! முனைகளில் இருக்கும் ரப்பர் புஷ் எல்லாம் காய்ந்த கேக் மாதிரி உதிர்ந்து கையில் வந்தது. இதற்கா நான் ஷாக் அப்சார்பர் மாற்றினேன், மடச்சி.

ஜூலை 14, சனி
பழைய வண்டி உடைக்கிற இடத்தில் அதே மாதிரி ஆர்ம் ஒரு ஜோடி கிடைத்தது. அதிலிருந்த ரப்பரை எரித்துத் தள்ளினேன். வீடே நாறியது, சோளரொட்டி தீய்ந்துவிட்டது என்று ஓரினிடம் சொன்னேன். புது புஷ்களைக் குளிரில் சுருங்கட்டும் என்று ஃப்ரீசரில் பட்டாணிக்கும் மீனுக்கும் நடுவே வைத்திருந்தேன். ஐஸ்கிரீம் எடுக்க வந்த மனுஷன் அந்தப் பையை எடுத்தார், பார்த்தார், இருந்த இடத்திலேயே வைத்தார், ஐஸ்கிரீமோடு போய்விட்டார்.

தெரிந்திருக்குமோ? சேச்சே. புதுத் திரைச்சீலை மாட்டியதே நாலு மாதம் தெரியாத ஆள்.

ஜூலை 15, ஞாயிறு
ஓரின் மீன்பிடிக்கப் போயிருந்தார். புஷ்ஷை ஏற்றி, ஆர்மை மாட்டியாயிற்று. கழற்றிய பழசு இரண்டும் கொட்டகை மூலையில் தார்ப்பாய்க்கு அடியில்.

ஜூலை 16, திங்கள்
வண்டி பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. நகர்த்தினால் கீச்கீச்சென்று அழுகிறது. என்னத்தப் பண்ணித் தொலைச்சேன்? — அரை மணி நேரம் முறைத்துப் பார்த்த பிறகுதான் உறைத்தது. வண்டியை முட்டுக் கொடுத்துத் தூக்கி வைத்து, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டை முறுக்கியிருக்கிறேன். இறக்கியதும் பாரம் விழுந்து ரப்பரெல்லாம் திருகிக்கொண்டுவிட்டது. போல்ட்டைத் தளர்த்தி, வண்டியைத் தன் காலில் நிற்கவிட்டு, அந்தச் சந்தில் எலி மாதிரி நுழைந்து மறுபடி முறுக்கினேன். முட்டித் தோல் போனதுதான் மிச்சம்.

ஜூலை 20, வெள்ளி
சோளக்காட்டு நடுச் சாலையில் கிளட்சை விட்டுப் பார்த்தேன். துள்ளவில்லை. திரும்ப வந்து இன்னொரு முறை. துள்ளவே இல்லை! தனியாக உட்கார்ந்து பைத்தியம் மாதிரி சிரித்தேன். சோளம் ஆள் உயரத்துக்கு நிற்கிறது, யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆகஸ்ட் 11, சனி
ஓட்டத்துக்குப் போகவில்லை, போனால் துள்ளாதது எல்லோருக்கும் தெரிந்துவிடும். முதுகுவலி என்று சொல்லியிருக்கிறேன். டெல்பர்ட் நலம் விசாரித்தான், பாவம்.

செப்டம்பர் 22, சனி
நாளைக்குத்தான். திட்டம் இது. ஓட்டத்துக்கு முன்பே வண்டியின் முன்கண்ணாடியில் அவரவர் ஓடப்போகும் நேரத்தை எழுத வேண்டும் இல்லையா, நான் பழைய துள்ளல் நேரத்தையே எழுதுவேன். மெதுவான வண்டி என்று எனக்குத்தான் முதலில் பச்சை விழும். துள்ளாமல் பாய்ந்து போய்விட வேண்டியது. கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டியது. எழுதினதைவிட வேகமாகப் போனால் தோல்வி. கால எடுக்கணும், நடீன். மறந்துடாதே.

செப்டம்பர் 23, ஞாயிறு
காலை எடுக்கவில்லை.

எடுக்க மனம் வரவில்லை என்று எழுதலாம், அழகாக இருக்கும். உண்மை அது இல்லை. மறந்தே போனேன். பத்து வருஷமா தடதடன்னு ஆட்டி வைச்ச வண்டி, இன்னைக்கு வெண்ணெய் மாதிரி வழுக்கிட்டுப் போகுது. இஞ்சின் சத்தம் மட்டும். பின்னால பார்க்கிற கண்ணாடியில டெல்பர்ட் சுண்டைக்காயா சின்னதாயிட்டே வர்றான். யாருக்குக் கால் ஞாபகம் இருக்கும்? கோட்டை நான்தான் முதலில் தாண்டினேன். கத்திக்கொண்டே தாண்டினேன். நிமிர்ந்து பார்த்தால் ஜெயித்த விளக்கு அவன் பக்கம் எரிகிறது.

என் வண்டி போச்சு. என் புத்தியாலேயே போச்சு.

செப்டம்பர் 24, திங்கள்
வேலையில் அழுதேன். வெங்காயம் என்று சொன்னேன். மெனுவில் வெங்காயமே இல்லை.

செப்டம்பர் 27, வியாழன்
பள்ளியில் பெற்றோர் விருந்து, வர நேரமாகிவிட்டது. ஓரின் சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தார். விரல் நகமெல்லாம் கறுப்பு.

செப்டம்பர் 29, சனி
கொண்டுபோய்விட்டான். சாவியை நானே கொடுத்தேன். அவன் தெருமுனை திரும்பும்வரை ஓரின் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். எரிச்சலாக வந்தது.

அக்டோபர் 13, சனி
வெர்னா போன் செய்தாள், சிரிப்பில் பேச்சே வரவில்லை. டெல்பர்ட் இன்று பழகு ஓட்டத்துக்கு வண்டியை இறக்கியிருக்கிறான். துள்ளித் தீர்த்துவிட்டதாம்! ஒலிபெருக்கிக்காரன், "முயலண்ணன் கெளம்பிட்டாரு" என்றானாம்.

எப்படித் துள்ளும்? புது புஷ். நான் போட்டது!

கொட்டகைக்கு ஓடினேன். தார்ப்பாயைத் தூக்கினால் இரண்டு ஆர்ம். நான் கழற்றிப் போட்ட பழசு இல்லை, நான் மாட்டிய புதுசு. சுத்தமாகத் துடைத்து, பழைய படுக்கை விரிப்பில் சுற்றி வைத்திருந்தது.

ஓரின் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். எதிரே போய் நின்றேன். தாளை இறக்கவில்லை.

"அவன் கேட்டது ஜூன் மாசத்து வண்டியை. அதைத்தான் குடுத்தேன்."

ஒரு பக்கத்தைப் புரட்டிவிட்டு, தாளுக்குப் பின்னாலிருந்தே சொன்னார்: "அன்னைக்கு நீ அழுததை வெர்னா சொன்னா."

இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன் இந்த ஆளோடு. என்னத்தைத் தெரிந்துவைத்திருக்கிறேன்?

அக்டோபர் 21, ஞாயிறு
டெல்பர்ட் வண்டியோடு வந்தான். முகம் தொங்கிப்போயிருந்தது. அடியில் படுத்துப் பார்த்துவிட்டானாம், ஷாக் அப்சார்பரைத் தவிர ஒரு சாமான்கூடப் புதுசில்லையாம்.

"எப்படி அண்ணி? பக்கத்துல நின்னு நானே பாத்தேன், உங்களுக்கு மட்டும் ஒரு துள்ளு துள்ளலையே. இது உங்க ஒருத்தருக்குத்தான் அடங்குது. குடுத்த வெலைக்கே எடுத்துக்குங்க. ஆனா அந்த சூட்சுமத்தை மட்டும் சொல்லுங்க."

ஓரின் காபியை வேகமாக விழுங்கினார். நான் யோசிக்கிற மாதிரி ஜன்னலைப் பார்த்தேன்.

"எல்லாம் இடது கால்ல இருக்கு டெல்பர்ட். பெருவெரல்லேருந்து ஆரம்பிக்கணும்."

அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, மேசைக்கடியில் ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டிப் பழகினான். சுண்டுவிரல்தான் அவனுக்கு வசப்படவில்லை, தினமும் செய்தால் வரும் என்றேன். அவன் வண்டிச் சாவியை மேசையில் வைத்து நன்றி சொல்லிவிட்டுப் போனதும் ஓரின் எழுந்து, ஜாக்கியையும் அந்தப் படுக்கை விரிப்பு மூட்டையையும் எடுத்துவரக் கொட்டகைக்குப் போனார்.