வலேரியனின் கடைசிச் சொல்

அன்பு மகள் ஸினயீதாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குழந்தை மீத்யாவும் அந்த ஸ்டாக்ஹோம் குளிரிலும் நோய் நொடி அண்டாமல் இருக்க ஆண்டவர் காப்பாராக. இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம், நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை.

உன் தம்பி வலேரியன் போரில் இறந்தான் என்று போன மாதம் அப்பா எழுதியிருந்தார் அல்லவா, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பிரெஞ்சுக்காரன் சுட்டு அவன் சாகவில்லையடி, நம் ஆட்களே கோடரியால் வெட்டியிருக்கிறார்கள். வெட்டியவர்களில் ஒருவன், பக்கத்து ஊர்க் குடியானவன் யெர்மலாய், ஞாயிற்றுக்கிழமை தானாகவே வந்து என் காலில் விழுந்தான். "தாயே, எங்க ஊரப் பிரெஞ்சுக்காரங்க கொளுத்திட்டாங்க, காட்டுல ஒளிஞ்சு கெடந்தோம். குதிரையில ஒருத்தர் மேலங்கி போத்திக்கிட்டு வந்தாரு. எவன்டா அதுன்னு கேட்டோம். நம்ம ஆளுதான்னாரு, ஆனா பிரெஞ்சுக்காரன் நம்ம பேச்சப் பேசுற மாதிரியே இருந்துச்சு. வெட்டினப்பறம்தான் கழுத்துல நம்ம சிலுவையப் பாத்தோம், உங்க புள்ளைன்னு பின்னாலதான் தெரிஞ்சுச்சு" என்று அழுதான்.

அவனை நான் எந்த வாயால் திட்டுவேன்? ருஷ்யப் பேச்சு சமையலறையோடு நிற்கட்டும், நமக்குப் பிரெஞ்சுதான் என்று உங்கள் இருவர் வாயையும் அடைத்தவள் நான்தானே. ஆறு வயதில் குதிரைக்காரனிடம் கற்ற பாட்டைப் பாடிக்கொண்டு ஓடிவந்தவனை விருந்தாளிகள் முன்னால் அறைந்தேன், அதன்பின் அவன் பாடவே இல்லை. இந்தத் துக்கத்தைக்கூட உனக்குப் பிரெஞ்சில்தான் எழுதுகிறேன். நம் மொழியில் எனக்கு எழுத வராது, எழுதினாலும் உனக்குப் படிக்க வராது.

எழுந்து போகும்போது யெர்மலாய் ஒன்று கேட்டான். "சாயங்காலம் வரைக்கும் உசிரு இருந்துச்சு தாயே. 'அ புவார், அ புவார்'னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. நாங்க சுத்தி உக்காந்து ஜெபம் பண்ணினோம். அதுக்கு என்னம்மா அர்த்தம்?"

உனக்குத் தெரியும் மகளே. பிள்ளை பிரெஞ்சில் குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறான். அத்தனை பேர் சுற்றி இருந்தும் ஒருவருக்கும் புரியவில்லை.

அதுவும் ஜெபம்தான், உங்களோடு சேர்ந்து அவனும் சொல்லியிருக்கிறான் என்று என் கொச்சை ருஷ்ய மொழியில் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, நெஞ்சு ஆறியவனாகப் போனான். அப்பாவிடம் இன்னும் எதையும் சொல்லவில்லை, நீயும் எழுதிவிடாதே.

ஆயாவின் ருஷ்யப் பேச்சு மீத்யாவுக்கு ஒட்டிக்கொள்கிறது, அவளை நிறுத்தப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். நிறுத்தாதே. அவள் பேசட்டும், பிள்ளை கேட்கட்டும். மூவருக்கும் என் ஆசி எப்போதும் உண்டு.

தம்பிக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்று.

உன் அம்மா,
எவ்தோக்கியா