பௌர்ணமிக்குக் கீரை விதைப்பதில்லை

கீழ்பென்னாத்தூர்,
ஆவணி முதல் வாரம்.

அன்புள்ள மதிவதனிக்கு,

நானும் கவிநிலாவும் நலம். மஸ்கட்டில் வெயில் கொஞ்சம் தணிந்திருக்கும் என்று நினைக்கிறேன். உன்னோடு வேலை பார்க்கும் அருணாதேவி அக்கா விடுப்பு முடிந்து வெள்ளிக்கிழமை திரும்புகிறார். அவர் கையில் இந்தக் கடிதமும் மல்லாட்டை உருண்டையும் வருகின்றன. கடலை வறுத்தது, பாகு காய்ச்சியது, உருட்டியது எல்லாம் என் கைவேலை, கொஞ்சம் கெட்டி. பல் பத்திரம்.

இன்னும் இரண்டு வருடம் ஆஸ்பத்திரி வேலையில் இருக்கச் சம்மதித்து இந்த மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்றாய். அதற்கு முன், நிலம் நம்மைத் தாங்குமா என்று எழுதச் சொன்னாய். போனில் கேட்டால் எல்லாவற்றுக்கும் நல்லாத்தான் இருக்கு என்பேனாம். சரி, எழுதுகிறேன்.

முதலில் கெட்டது. தக்காளி போய்விட்டது. இலை சுருண்டு, செடி வளராமல் நின்றுவிட்டது. வேப்பங்கொட்டைக் கரைசல் அடித்தும் பிழைக்கவில்லை. பிடுங்கிப் போட்டுவிட்டு அதே இடத்தில் ஒரு வரிசை கொத்தவரை ஊன்றினேன். சித்திரையில் கிணறு தரை தட்டியது. இனிமேல் கோடையில் பாதி நிலத்துக்கு வைக்கோல் மூடாக்குப் போட்டுச் சும்மா விடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். நிலத்தைச் சும்மா போடுவதா என்று உன் அப்பா இருந்தால் திட்டியிருப்பார்.

அடுத்தது விற்பனை. நான் கம்பெனி வேலையை விட்டுவந்த புதிதில், மொத்தக் கீரையையும் ஒரே நாளில் அறுத்து மார்க்கெட்டில் கொட்டி, வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வந்த கதை உனக்குத் தெரியும். இப்போது வாரம் ஒரு பாத்தி விதைக்கிறேன். முதல் நாள் சாயங்காலம் யாருக்கு என்ன வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் கேட்டுவிட்டு, விடியற்காலையில் அதை மட்டும் அறுத்து பைக்கில் கொண்டுபோகிறேன். ரமணாசிரமம் பக்கத்து விடுதிக்காரர்களைத்தான் முதலில் பெரிதாக நம்பினேன். கார்த்திகையில் வந்த கூட்டம் பங்குனி வெயிலுக்குப் பயந்து கிளம்பிவிட்டது. என் கத்தரிக்காய் செடியிலேயே முற்றியது. வருடம் முழுக்கச் சாப்பிடுகிறவர்கள் வேங்கிக்காலில் இருக்கிறார்கள். எல்லாம் ஆபீஸ் உத்தியோகக்காரர்கள் வீடுகள். ஆரம்பத்தில் இலையில் பூச்சி ஓட்டை இருந்தால் ஏன் என்று கேட்டார்கள். இப்போது ஓட்டை இல்லாவிட்டால் கேட்கிறார்கள்.

தை மாதப் பௌர்ணமிக் கூத்தை உன்னிடம் சொல்லவில்லை. அன்று சாலையை அடைத்துவிடுவார்கள், வேங்கிக்கால் வீடுகளுக்குப் போக முடியாது. இத்தனை ஜனம் நடக்கிற கிரிவலப் பாதையில் கீரை விற்காமலா போகும் என்று கட்டுகளோடு போய் உட்கார்ந்தேன். ஒரு கட்டும் போகவில்லை. கடைசியில் ஒரு அம்மா நின்று, "இதத் தூக்கினு யாருங்க மலைய சுத்துவாங்க? அந்த மாட்டுக்காவது போடுங்க, புண்ணியமா போவும்" என்றார். அவரே ஒரு கட்டு வாங்கி எதிரே நின்ற பசுவுக்குக் கொடுத்தார். அதைப் பார்த்து வரிசையாக எல்லோரும் வாங்கினார்கள். பஞ்சகவ்யா ஊற்றி வளர்த்த என் அரைக்கீரையை ஊர் மாடுகள் தின்று தீர்த்தன. திரும்பி வரும்போது சிரிப்பாகவும் இருந்தது, இதைச் சொல்லிச் சிரிக்க நீ பக்கத்தில் இல்லையே என்று கஷ்டமாகவும் இருந்தது.

அந்த வாரமே வரப்பெல்லாம் அகத்தி வைத்தேன். பௌர்ணமிக்கு அறுப்பு வருகிற மாதிரி கீரை விதைப்பதில்லை. அன்று கிரிவலப் பாதையில் மாட்டுக்கென்று விற்க அகத்தி மட்டும்தான்.

கவிநிலா நன்றாகப் படிக்கிறாள். தக்காளி இல்லையா என்று கேட்கிறவர்களுக்கு, "இப்ப சீசன் இல்லீங்க ஆன்ட்டி" என்று அவளே குரல் பதிவு அனுப்பிவிடுகிறாள். அம்மா எப்போது வரும் என்று என்னிடம் கேட்பதை நிறுத்திவிட்டாள். அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். ஆடியிலிருந்து நீ அனுப்புவதில் நான் கைவைக்கவில்லை. சோறு, பள்ளிக்கூடம், பெட்ரோல் எல்லாவற்றையும் நிலமே பார்த்துக்கொள்கிறது. மேற்கொண்டு ஆசைப்பட்டால் தாங்காது. ஆனால் இது இரண்டு பேர் சாப்பிட்டுப் பார்த்த கணக்கு. மூன்று பேரைத் தாங்குமா என்பது மூன்றாவது ஆள் வந்து உட்கார்ந்தால்தான் தெரியும்.

கையெழுத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். யோசித்துச் செய். தண்ணீர் நிறையக் குடி. எங்கே இருந்தாலும் அண்ணாமலையார் உன்னை நன்றாக வைக்கட்டும்.

கொத்தவரை ஊன்றியிருக்கிறேன் என்றேனே, அது புரட்டாசிக் கடைசியில் காய்க்கும். எனக்கும் கவிநிலாவுக்கும் கொத்தவரை பிடிக்காது என்பது உனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உன் செழியன்