மாலியா அக்கா கையெழுத்து வைக்காத படங்கள்

இறைவனிடம் போய்ச் சேர்ந்த பிறகும் நான் கதைத்துக்கொண்டே இருக்கிற என் மாலியா அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் கதைத்தது ஜேர்மன் மொழியில். உங்களுடையது சமோவா ராகத்தில் இழுபடுகிற ஜேர்மன். என்னுடையது கடை விளம்பரத் தாள்களைப் பார்த்து நானாகப் படித்தது. துக்கம் எழுத அது காணாது. அதனால் உங்களுக்குத் தெரியாத தமிழில், எங்கள் ஆலயச் சஞ்சிகை நவம்பரில் இறந்தவர்களுக்கு ஒதுக்குகிற பக்கத்தில் எழுதுகிறேன். பீலெஃபெல்டில் உங்களைத் தெரிந்தவர்களும் காதோரம் பூ வைத்துக்கொண்டு பூசைக்கு வருகிற அம்மா என்றுதான் அறிவார்கள். நீங்கள் ஓவியர் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

நினைவிருக்கிறதா, வீட்டுக்கு அடியில் இருந்த உங்கள் கெல்லருக்கு நான் முதல் தடவை இறங்கி வந்தது? கிறிஸ்மஸ் பலகாரம் கொண்டுவந்தேன். சுவரில் ஆளுயரத் துணி, மண்ணிறத்திலும் கறுப்பிலும் பெட்டி பெட்டியாகக் கோடுகள். நான் மன்னார்க்காரி. பார்த்ததும் வலை என்றேன். நீங்கள் தூரிகையைக் கீழே வைத்துவிட்டீர்கள். உங்கள் ஊர்ப் பெண்கள் மரப்பட்டையை அடித்துத் துணியாக்கி, அதில் பரம்பரையாகக் கீறி வந்த வலை அது. வலை, தாழை ஓலை, ஈரப்பலா இலை. எல்லாம் எனக்கும் தெரிந்த சாமான்கள்.

பிறகு இரண்டு கோடுகளுக்கு நடுவில் விரலைக் காட்டி "வா" என்றீர்கள். தமிழ்க் காதுக்கு வேறு என்ன கேட்கும்? வந்தேன். திரும்பவும் "வா" என்றீர்கள். இன்னும் கிட்ட வந்தேன். என் சால்வை ஈரக் கறுப்பில் ஒட்டிக்கொண்டது. எனக்கு உயிரே போய்விட்டது. நீங்களோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். உங்கள் மொழியில் வா என்றால் இடைவெளியாம். வெற்றிடம் இல்லை, இரண்டு பேரைப் பிரிக்காமல் சேர்த்து வைத்திருக்கிற இடமாம்.

"உன்ர மொழியில என்ன?" என்று கேட்டீர்கள். கிட்ட வரச் சொல்லுகிறது என்றேன்.

"அப்ப ரெண்டும் ஒண்டுதான்." அன்றிலிருந்து நீங்கள் எனக்கு அக்கா.

கலியாணம் கட்டி இந்தக் குளிருக்குள் வந்தவர் நீங்கள். விடியற்காலையில் பேக்கரி வேலை, பின்னேரம் கெல்லரில் படம். உங்கள் மனுசன் செத்த பிறகும் அதே ஒழுங்குதான். நூலக நடையில் முதல் கண்காட்சி நடந்தபோது ஒரு கலைக்கூடக்காரர் வந்தார். நிறங்கள் அவருக்குப் பிடித்தன. ஆனால் கடற்கரையும் பூச்சூடிய பெண்களும் இருந்தால் நல்லது என்றார். அந்தாளுக்குக் கடற்கரை வேணுமெண்டால் விமானம் ஏறட்டும் என்று என்னிடம் சொன்னீர்கள். கடைசியில் அவர் இறங்கி வந்தார். வலையும் தாழையும் போதும், மூலையில் கையெழுத்து மட்டும் வையுங்கள் என்றார். நீங்கள் மாட்டேன் என்றீர்கள்.

எனக்கே அப்போது கோபம். ஒரு பெயர்தானே, எழுதினால் என்ன என்று கேட்டேன்.

"மலர், இந்தக் கோடு என்ர இல்லை. அம்மாவும் பேர் போடேல்லை, அம்மாவின்ர அம்மாவும் போடேல்லை. எல்லாரும் கீறினதில நான் மட்டும் எப்பிடி என்ர பேரைப் போடுறது?"

அதற்குப் பிறகு ஒரு பெரிய நகரத்து அருங்காட்சியகம் உங்கள் படம் ஒன்றை வாங்கியது. இருவரும் ஞாயிறு உடுப்பு உடுத்திக்கொண்டு ரயிலில் பார்க்கப் போனோம். துடுப்புகளுக்கும் பழைய தடிகளுக்கும் நடுவில், கண்ணாடிக்குள் மாட்டியிருந்தார்கள். 'சமோவா. மரபுவழிக் கோலம். காலம் தெரியவில்லை' என்று ஒரு அட்டை. நீங்கள் காவலரைக் கூப்பிட்டீர்கள். "காலம் தெரியாதாம். இது போன கோடையில கீறினது. தொட்டுப் பாருங்கோ, இன்னும் ஒட்டும்." அந்த மனுசன் பயந்து இரண்டு அடி பின்னால் போனார். ரயிலில் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஹம் ரயில் நிலையம் தாண்டியபோது நீங்கள் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிவிட்டீர்கள். அதற்குப் பிறகும் கீறினீர்கள். ஆனால் ஒருவரையும் பார்க்கக் கூப்பிடவில்லை.

இனி இங்கத்தைய செய்தி. நல்ல செய்தி இல்லை அக்கா.

தவக்காலத்தில் உங்களை அடக்கம் செய்தோம். மாத முடிவுக்குள் வாடகை வீட்டை வெறுமையாக்கிக் கொடுக்க வேண்டும் என்று உங்கள் மகன் யோனாஸ் ஹம்பேர்க்கிலிருந்து வந்தார். நல்ல பிள்ளை, குறை சொல்ல மாட்டேன். இரண்டு பேருமாகப் படங்களுக்கு இடம் தேடினோம். நவீன ஓவியம் வைத்திருக்கிற இடத்தில், இது பழங்குடிக் கலை, அதற்கான அருங்காட்சியகத்தில் கேளுங்கள் என்றார்கள். அங்கே கேட்டால், இது இங்கே ஜேர்மனியில் வரைந்த புதுப் படம், நாங்கள் பழையதைத்தான் சேர்க்கிறோம் என்றார்கள். என் வீட்டு வரவுசெலவுக் கணக்கில் ஒரு சதமும் நிரல் இல்லாமல் அந்தரத்தில் நின்றதில்லை. உங்கள் ஆயுள் உழைப்பைப் போட ஒரு நிரல் கிடைக்கவில்லை.

ஒரேயொரு அருங்காட்சியகத்து அம்மா மட்டும் எங்களுக்கு நேரில் சந்திக்கத் தெர்மின் தந்தார். படங்களின் புகைப்படங்களை நிறைய நேரம் பார்த்தார். அழகு என்றார். கையெழுத்து எங்கே என்று கேட்டார். இல்லை என்றோம். இவரே வரைந்தார் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்.

"நான் பக்கத்தில இருந்து பாத்தனான்," என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவ்வளவுதான். வெளியே வந்ததும் யோனாஸ், "அன்ரி, அம்மா ஒருக்கா எண்டாலும் எழுதியிருந்தா..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டு நின்றேன். நீங்கள் பிடித்த பிடி சரியா அக்கா? சரிதான் என்று அன்றைக்கு ஒத்துக்கொண்டேன். இன்றைக்கு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கழிவு அள்ளுகிற லொறி காலையில் வந்தது. யோனாஸ் சிறியது மூன்றை எடுத்துக்கொண்டார். எங்கள் காருக்குள் ஒன்று அடங்கியது. நல்லது எது என்று பார்த்து எடுக்கவில்லை, அளவு பார்த்து எடுத்தேன். மற்றவற்றை லொறிக்குள் அடக்குவதற்காகச் சட்டத்தோடு முறித்தார்கள். ஒருவர் சட்டத்தைத் தட்டிப் பார்த்து, நல்ல பலகை என்றார். துணியைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் செபமாலை சொல்லிக்கொண்டு நின்றேன். எந்த மணியில் நின்றேன் என்று தெரியாமல் போய்விட்டது.

கடவுளிடம் ஒன்றும் வீணாகிறதில்லை என்று சுவாமியார் பிரசங்கத்தில் சொல்லுகிறார். ஓம் என்று தலையாட்டுகிறேன். அந்த லொறியைக் கடவுள் எங்கே வரவு வைத்தார்? நீங்கள் இப்போது கிட்ட இருக்கிறீர்கள், கேட்டுச் சொல்லுங்கோ.

உங்கள் படம் எங்கள் படுக்கையறையில் இருக்கிறது. அறை இருண்டு போச்சு என்று என் மனுசன் முணுமுணுக்கிறார், ஆனால் கழற்றச் சொல்லவில்லை. மகள் வந்தவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "அம்மா, உங்களுக்குப் பிறகு இதை நான் எங்க வைக்கிறது?" என்று கேட்டாள். அன்பாகத்தான் கேட்டாள். எங்கள் வீட்டு வாசலுக்கும் ஒருநாள் லொறி வரும்.

கோபிக்காதேங்கோ அக்கா. இறந்தோர் பூசை முடிந்து வந்ததும் படத்தைக் கழற்றப் போகிறேன். முன்பக்கம் தொட மாட்டேன். பின்பக்கத் துணியில் உங்கள் பெயரையும், உங்கள் அம்மாவின் பெயரையும், அவரின் அம்மாவின் பெயரையும் கறுப்பு மையால் எழுதுவேன். இந்த ஊரில், இந்தத் தெருவில், இன்ன வருடத்தில் கீறியது என்றும் எழுதுவேன். ஜேர்மனில்தான், மகளிடம் காட்டிப் பிழை திருத்தி. அதனால் படம் தப்பிவிடும் என்று நான் நினைக்கவில்லை. தூக்கி எறிகிறவர் வாசித்துவிட்டாவது எறியட்டும். இது நான் உங்களுக்குத் தருகிற வாக்கு.

வயிறு வேறானாலும் உங்கள் தங்கச்சி,
மரியமலர்
பீலெஃபெல்ட்